வகுப்பே எடுக்காத கல்லூரியா? நிலத்தை விற்காதீர்கள்

மகளுக்குப் புதிய அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் "அங்கே வகுப்பே எடுப்பதில்லையாம், வீடியோ அனுப்பிவிட்டுப் பிள்ளைகளையே படிக்கச் சொல்கிறார்களாம்" என்கிறார் பெரியப்பா. நிலத்தை விற்றுச் சென்னையில் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள், அம்மா.

வேண்டாம். நிகர்நிலையில் கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல், அதுவும் நாலரை வருடம், விடுதிச் செலவு தனி. அப்புறம் எம்.டி. படிக்க வேண்டும் என்றால் விற்க என்ன மிச்சம் இருக்கும்?

பெரியப்பா குறை என்று சொல்வதைத்தான் நான் அந்தக் கல்லூரியின் பலம் என்பேன். பாடத்தை முன்பே வீட்டில் பார்த்துவிட்டு வந்து, வகுப்பு நேரத்தில் அதை வைத்து விவாதிக்கும் இந்த முறைக்கு ஃபிளிப்டு கிளாஸ்ரூம் என்று பெயர். முதலாண்டு அனாடமியையே (உடற்கூறியல்) எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் மாலை, கை நரம்புகள் பற்றிச் சின்னதாக ஒரு வீடியோ வரும். காலையில் வகுப்பு தொடங்கியதும் ஐந்து கேள்விகள். பார்க்காமல் வந்தவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். பிறகு குழுவுக்கு ஒரு கற்பனை நோயாளி: பைக்கிலிருந்து விழுந்தவர், மேற்கை எலும்பு நடுவில் முறிந்திருக்கிறது. முழங்கையை நீட்டுகிறார், ஆனால் மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. எந்த நரம்பு? "ரேடியல்" என்பாள் ஒருத்தி. "முழங்கையை நீட்டும் தசைக்கும் அதே நரம்புதானே, அது மட்டும் எப்படித் தப்பித்தது?" என்று மடக்குவார் பேராசிரியர். எலும்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்தத் தசைக்கான கிளைகள் முறிவுக்கு மேலேயே பிரிந்துவிடுகின்றன என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். மேடையிலிருந்து சொல்லிக் கேட்டது தேர்வோடு போய்விடும். இது அவசர சிகிச்சைப் பிரிவு வரை கூடவே வரும்.

2019-இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமே விரிவுரை வகுப்பு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. மருத்துவம் சார்ந்த படிப்புகளில் நடந்த 28 ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்விலும், மொத்தத்தில் இந்த முறையில் படித்தவர்களே நன்றாகத் தேறியிருந்தார்கள். வகுப்பின் தொடக்கத்தில் சிறு தேர்வு வைத்த இடங்களில் பலன் இன்னும் கூடுதல்.

ஆனால் வீடியோவை அனுப்பிவிட்டு வகுப்பில் ஆசிரியர் அதையே ஸ்லைடு போட்டு வாசித்தால், பெரியப்பா சொல்வது சரிதான். இரண்டாமாண்டு மாணவர்கள் இரண்டு பேரிடம் கேளுங்கள்: சிறு தேர்வு உண்டா, நோயாளியை வைத்து விவாதம் நடக்கிறதா, ஆசிரியர் கூடவே இருக்கிறாரா?

தினமும் மாலையில் தானாக உட்கார்ந்து படிக்க வேண்டிய முறை இது. உட்காரப்போவது உங்கள் மகள். அவள் என்ன நினைக்கிறாள் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. சேர்க்கையின் கடைசித் தேதிக்குள், பெரியப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, அவளிடமே கேட்டுவிடுங்கள்.