இரண்டு விநாடித் தப்பும் முப்பத்தெட்டு விநாடி யோசனையும்

அன்புள்ள ஐயா,

நான் காரைக்குடிக்காரன். முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை. வயது 46. சின்ன வயதில் மாமா சொல்லிக்கொடுத்த செஸ் நடுவில் விட்டுப்போய், ஊரடங்கின்போது போனில் மறுபடி தொற்றிக்கொண்டது. கடைக்கு ஆள் வராத நேரத்திலும் ராத்திரி சாப்பிட்ட பிறகும் ஆளுக்கு மூன்றே நிமிடம் தரும் வேக ஆட்டம்தான். ரேட்டிங் (தளம் தரும் திறமைப் புள்ளி) 1200-ஐத் தொடும், மறுநாள் 1100-க்கு இறங்கி நிற்கும். இரண்டு வருடமாக இதே கதை. ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்களைச் சொல்லித்தரும் வீடியோ கோர்ஸ் ஒன்று தள்ளுபடியில் வருகிறது, வாங்கலாமா? ஒரு நிமிட ஆட்டம் ஆடினால் வேகம் கூடும் என்கிறான் அக்கா மகன். நிஜமா? இந்த வயதில் இதற்கு மேல் வராது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நேற்றுத் தோற்ற ஆட்டத்தை இணைத்திருக்கிறேன். எங்களுடையது பழைய வீடு, இரண்டாம் கட்டுக்குப் போனால் சிக்னல் நிற்காது. அதிலும் சில ஆட்டம் போகிறது.

பெயர் வேண்டாம்,
உங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

கோர்ஸ் வாங்க வேண்டாம்.

நாலாவது நகர்த்தலிலேயே கவிழ்ந்தவனிடம் இப்படிச் சொல்லலாமா என்று நினைப்பீர்கள். அந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். உங்களுக்குக் கறுப்பு. எதிராளியின் பிஷப் சி4 கட்டத்தில் இருக்கிறது. குதிரை ஜி5-க்குத் தாவுகிறது. நீங்கள் உடனே எச்6 என்று சிப்பாயைத் தள்ளிக் குதிரையை விரட்டுகிறீர்கள். அது ஓடவில்லை, எஃப்7-இல் வந்து உட்கார்ந்தது. ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் யானை, ஒரே நேரத்தில் இரண்டுக்கும் குறி. ராஜாவால் அதை வெட்டவும் முடியாது, பின்னால் பிஷப் காவல் நிற்கிறது.

ஆட்டத்தை விட எனக்குச் சுவாரசியமாக இருந்தது பக்கத்தில் பதிவாகியிருந்த நேரம். எச்6 ஆடுவதற்கு நீங்கள் எடுத்துக்கொண்டது 2 விநாடி. குதிரை எஃப்7-க்கு வந்த பிறகு யோசித்தது 38 விநாடி. மொத்த மூன்று நிமிடத்தில் ஐந்தில் ஒரு பங்கு, போன யானைக்குத் துக்கம் விசாரிப்பதில் போய்விட்டது. கடைசியில் தோற்றதும் நேரம் தீர்ந்துதான்.

அந்த இடத்தில் டி5 என்று சிப்பாயை நகர்த்தி பிஷப்பின் பாதையை அடைக்க வேண்டும் என்று கோர்ஸ் சொல்லித்தரும். நீங்களும் மனப்பாடம் செய்வீர்கள். அடுத்த வாரம் வேறொரு ஓப்பனிங்கில் வேறு இரண்டு காய்கள் வேறொரு கட்டத்தைக் குறிவைக்கும்போது மறுபடி ஒரு காயை மட்டும் பார்த்து விரட்டுவீர்கள். குதிரை உங்கள் கண்ணில் பட்டது. குதிரையும் பிஷப்பும் சேர்ந்து எஃப்7-ஐப் பார்ப்பது படவில்லை. கோளாறு அங்கேதான்.

வேக ஆட்டத்தில் யாரும் வேகமாக யோசிப்பதில்லை, அதற்கு நேரமும் கிடையாது. ஏற்கெனவே தெரிந்ததை அடையாளம் காண்கிறார்கள், அவ்வளவுதான். டச்சு உளவியலாளர் டி க்ரூட் 1940-களிலேயே இதைச் சோதித்தார். நிஜ ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையைச் சில விநாடி மட்டும் காட்டி மறைத்தால், பெரிய ஆட்டக்காரர்கள் காய்களை அநேகமாக அப்படியே திருப்பி அடுக்கினார்கள். 1973-இல் சேஸ், சைமன் என்ற இருவர் காய்களை இஷ்டத்துக்குக் கலைத்து வைத்துக் காட்டியபோது அந்தத் திறமை பெரும்பாலும் காணாமல் போனது. அவர்கள் பார்ப்பது தனித்தனிக் காய்களை அல்ல, பழகிய கூட்டங்களை.

உங்கள் கடை முதலாளி ஒரு பழைய கதவைப் பார்த்த மாத்திரத்தில் இது பர்மாத் தேக்கு, இது நேற்று எண்ணெய் பூசிப் பழசாக்கியது என்று சொல்லிவிடுவார் இல்லையா? அந்த ஒரு விநாடிக்குப் பின்னால், நிதானமாகத் தடவிப் பார்த்த கதவுகள் எத்தனை இருக்கும்!

அந்தத் தடவிப் பார்க்கும் வேலைதான் உங்களிடம் இல்லை. மூன்று நிமிட ஆட்டத்துக்குள் அதைச் செய்யவும் முடியாது. அதனால் வாரத்தில் சில நாள் 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் என்ற கணக்கில் ஒரே ஒரு ஆட்டம் ஆடுங்கள். முடிந்ததும் கம்ப்யூட்டர் அலசலை உடனே திறக்காதீர்கள். எங்கே கவிழ்ந்தோம் என்று முதலில் நீங்களே தேடி, அப்புறம் சரிபாருங்கள். அலசல் சிவப்பில் காட்டும் தப்பைப் பார்த்து ‘அட, ஆமாம்’ என்று தலையாட்டினால் அது மறுநாளே மறந்துவிடும்.

புதிர்களும் போடுங்கள். சுலபமானவையாக, நிறைய. கஷ்டமான ஒன்றோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டுவது வேறு சுகம், உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. முள் போடுவது (ஒரே காய் இரண்டைக் குறிவைப்பது), கட்டிப்போடுவது (பின்னால் பெரிய காய் இருப்பதால் முன்னால் இருப்பதை நகரவிடாமல் செய்வது), பின்வரிசை மேட் (ராஜாவைக் கடைசி வரிசையில் சிக்கவைத்து ஜெயிப்பது) ஆகியவை திரும்பத் திரும்பக் கண்ணில் பட வேண்டும். ஆனந்த் சிறுவனாக பிலிப்பைன்ஸில் இருந்தபோது டிவியில் மதிய நேரத்தில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா சுசீலா அன்றைய புதிரைக் குறித்து வைத்திருப்பார், மாலையில் இருவரும் உட்கார்ந்து தீர்ப்பார்கள். சென்னை டால் செஸ் கிளப்பில் மின்னல் வேகத்தில் ஆடிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள், இதை விட்டுவிடுவார்கள். உங்களுக்கு டிவியும் வேண்டாம், காசும் வேண்டாம். லிசெஸ் தளத்தில் புதிரும் அலசலும் இலவசம், விளம்பரம்கூடக் கிடையாது.

அக்கா மகன் சொல்லும் ஒரு நிமிட ஆட்டம் விரலுக்குப் பயிற்சி. அவனுக்குச் சரி, ஏற்கெனவே கண்ணில் பதிந்ததை அவன் வேகமாக எடுத்துக்கொள்வான். உங்களுக்கு அது இரண்டு விநாடியில் எச்6 ஆடும் பழக்கத்தையே இன்னும் கெட்டிப்படுத்தும். வேக ஆட்டம் வேண்டும் என்றால் 3 நிமிடத்தோடு நகர்த்தலுக்கு 2 விநாடி சேர்த்து ஆடுங்கள். 40 நகர்த்தல் போனால் 80 விநாடி கூடுதலாகக் கிடைக்கும். ஜெயித்த ஆட்டத்தைக் கடிகாரத்திடம் தோற்பது குறையும். உலக பிளிட்ஸ் (வேக ஆட்ட) சாம்பியன்ஷிப்பே இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

1200, 1100 என்று ஏறி இறங்குவதற்கெல்லாம் மனசு விட வேண்டாம். உங்களுக்குச் சமமான ஆளாகத் தேடித்தான் தளம் ஜோடி சேர்க்கிறது, ஆகவே பாதி ஆட்டம் தோற்பது இயல்பு. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குத் தோற்று, அந்த ரோஷத்தில் அடுத்ததையும் தோற்று, ‘இன்னொன்று’ என்று அழுத்துகிறீர்களே, அந்த நூறு புள்ளி அங்கே போகிறது. அடுத்தடுத்து இரண்டு தோற்றால் போனைக் கவிழ்த்து வையுங்கள். சொல்வது சுலபம், தெரியும்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். 46-இல் கிராண்ட்மாஸ்டர் ஆக முடியாது. 1100-இலிருந்து 1500-க்குப் போவதற்கு வயது ஒரு தடையே இல்லை. வேக ரேட்டிங்கையே உரைகல்லாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆன குகேஷுக்கே அப்போது பிளிட்ஸ் ரேட்டிங் நிதான ஆட்ட ரேட்டிங்கை விட நூறு புள்ளிக்கும் மேல் குறைவு.

யாரும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. ராஜாவும் யானையும் மட்டும் வைத்துக்கொண்டு தனி ராஜாவை மேட் செய்வதைக் கம்ப்யூட்டரோடு ஆடி, அரை நிமிடத்துக்குள் முடிக்கும் அளவுக்குப் பழகுங்கள். உங்கள் நிலையில் பலர் ஜெயித்த ஆட்டத்தை அங்கேதான் டிராவாக்குகிறார்கள். எதிராளி கடைசிச் சில விநாடிகளில் இருக்கும்போது உங்கள் கடைசிச் சிப்பாயையும் இழந்துவிடாதீர்கள். வெறும் ராஜா மட்டும் மிஞ்சினால், அவர் நேரம் தீர்ந்தாலும் டிராதான்.

சிக்னல் விஷயத்துக்கு என்னிடம் செஸ் யோசனை ஏதும் இல்லை. செட்டிநாட்டுச் சுவர் கனத்துக்கு இரண்டாம் கட்டு வரை வைஃபை வந்தால்தான் ஆச்சரியம். முகப்பிலேயே உட்கார்ந்து ஆடுங்கள், கொசுவர்த்தி ஏற்றிக்கொண்டு.

அன்புடன்.