டர்போ மாட்டிய பழைய லாரியில் கரும்புகை: டைமிங்கை முன்னே தள்ளலாமா?

டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) மாட்டி, பம்பில் டீசலையும் கூட்டியாச்சு. கத்திப்பாரா மேம்பாலம் ஏறினால் கரும்புகை, இழுவையும் இல்லை என்கிறீர்கள். டைமிங்கை, அதாவது சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சத் தொடங்கும் நேரத்தை, இப்போதைக்குத் தொடாதீர்கள்.

கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து போகும் ஹோஸின் கிளாம்ப், இரண்டையும் முதலில் பாருங்கள். சென்னை மே மாத வெயிலில் காற்றின் அடர்த்தியும் குறைவு. டிசம்பரில் சரியாக இருந்த செட்டிங் இப்போது புகை தள்ளும். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும் முன்பே டீசல் கொட்டாமல் தடுக்கும் டயாஃப்ரம் பம்பில் இருக்கிறதா? இல்லாவிட்டால் கியர் மாற்றும்போதெல்லாம் புகைதான். அப்புறம் பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, எல்லாப் பிளஞ்சரும் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைத் தள்ளும் தண்டு) ஒரே அளவு டீசல் தருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகே டைமிங். முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் இருக்கும்போது பம்பில் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகும் டெலிவரி வால்வைக் கழற்றி, வளைந்த குழாயைப் பொருத்தி, ஃப்ளைவீலை மெதுவாகச் சுற்ற வேண்டும். ஓடும் டீசல் சொட்டாகி நிற்கும் இடம்தான் இன்ஜெக்ஷன் தொடக்கம். காது வைத்து டைமிங் பார்க்கும் மெக்கானிக்கை நான் நம்ப மாட்டேன். அதிகம் முன்னே தள்ளினால் நாக்கிங் (இன்ஜினில் தட்டும் சத்தம்) வரும், ஹெட் கேஸ்கெட் போகும். பின்னே போனால் வெள்ளைப்புகை, டர்போவுக்குச் சூடு. ஒவ்வொரு டிகிரியாக மாற்றி, லோடு ஏற்றி ஓட்டிப் பாருங்கள். டர்போவுக்கு முன்னால், புகை வரும் குழாயில், ஒரு வெப்பமானி மாட்டுங்கள். தொடர்ந்து 700 டிகிரி செல்சியஸ் தாண்டினால் டீசலைக் குறைத்தே ஆக வேண்டும்.

புகைச் சோதனையில் பழைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). இப்போதைய புகைக்கு நிச்சயம் தேறாது.