மாணவர் விவரம் கேட்டு உறவினர் வந்து நின்றால் அலுவலகம் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டிருப்பவர் பல்கலைக்கழக அலுவலகத்தில் மாணவர் ஆவணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். உறவினர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து ஒரு மாணவியின் முகவரியையும் கைபேசி எண்ணையும் கேட்கிறார், மேலிடத்துச் சிபாரிசும் இருக்கிறது, மறுத்தால் வேலைக்கு ஆபத்து வருமா, எதைக் கொடுக்கலாம் எதைக் கொடுக்கக் கூடாது என்பது கேள்வி. இதுவரை வந்த பதில்களைப் படித்தேன். கடவுச்சொல்லை மாற்றுங்கள், கணினிக்கு வைரஸ் தடுப்பு போடுங்கள் என்கிறார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் நான் பார்த்தவரை திருநெல்வேலிச் சீமையில் மாணவர் விவரம் கம்ப்யூட்டர் வழியாகக் களவு போவதைவிட, கவுன்டர் வழியாக "நமக்கு வேண்டியவர்" கைக்குப் போவதுதான் அதிகம்.

ஆகவே முதல் பதில்: கொடுக்காதீர்கள். எழுதித் தரச் சொல்லுங்கள்.

நான் நெல்லையில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் குடும்பம் அந்தச் சம்பளத்தில்தான் வளர்ந்தது, நன்றி மறந்தவன் அல்ல நான். சட்டம் படித்தவனும் அல்ல. ஆனால் சேர்க்கைப் பதிவேடும் டி.சி. புத்தகமும் என் மேசையில்தான் வெகுகாலம் இருந்தன.

ஒரு மாணவரின் விண்ணப்பக் கட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து புரட்டிப் பாருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வீட்டு முகவரி, அப்பா அம்மா எண். சிலவற்றில் மாற்றுத்திறன் சான்று. சிலவற்றில், கணவர் பிரிந்து போய்விட்டார், எந்தக் கடிதத்தையும் அவருக்கு அனுப்ப வேண்டாம் என்று தாய் எழுதிக் கொடுத்த கடிதம். நம் மாவட்டத்தில் ஊர்ப் பெயரோடு தெருப் பெயரும் தெரிந்துவிட்டால் மீதியைக் கேட்க வேண்டியதே இல்லை, அவர்களே ஊகித்துக்கொள்வார்கள். வெறும் முகவரிதானே என்று இங்கே யாரும் சொல்லிவிட முடியாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் நிலைமையும் கிட்டத்தட்ட இதுவாகத்தான் இருக்கும்.

சேர்க்கை நெரிசல் ஓய்ந்து உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்து கிடந்த நேரம். வெள்ளை வேட்டி சட்டையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். மரியாதையான பேச்சு. "அண்ணாச்சி, முதுகலை படிக்கிற பிள்ளை, என் தம்பி மகள். தம்பி காலமாகிவிட்டான். பிள்ளை விடுதியைக் காலி செய்துவிட்டு வெளியே எங்கேயோ தங்கியிருக்கிறாள், போனை எடுப்பதில்லை. இப்போது இருக்கிற முகவரியும் புது நம்பரும் வேண்டும். ஊரில் சம்பந்தம் பேசியாகிவிட்டது, டி.சி.யையும் கையோடு வாங்கிக்கொண்டு போய்விடுகிறேன்" என்றார். அந்தப் பிள்ளையின் ஆதார் நகலும் பள்ளி மதிப்பெண் பட்டியலின் நகலும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒழுங்காக வைத்திருந்தார். அவற்றின் மேல் நிர்வாகக் குழுவில் இருந்த ஒருவருடைய விசிட்டிங் கார்டு. அதன் பின்பக்கம் பச்சை மையில் "வேண்டியதைச் செய்து கொடுக்கவும்" என்று எழுதிச் சுருக்கக் கையெழுத்து போட்டிருந்தது. யாருக்கு, எதை என்று ஒன்றும் இல்லை. தேதிகூட இல்லை.

ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தேன். "முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் அண்ணாச்சி. உங்கள் பெயர், ஊர், உறவுமுறை, என்ன விவரம் வேண்டும், எதற்காக வேண்டும். கீழே கையெழுத்து, உங்கள் அடையாள அட்டையின் நகல். நான் குறிப்பு எழுதி மேலே வைக்கிறேன். பிள்ளையிடம் கேட்போம், சம்மதித்தால் தருகிறோம்" என்றேன். அவர் பெயரை எழுதினார், ஊரை எழுதினார். எதற்காக என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. "இதெல்லாம் என்னத்துக்கு, வாயால் சொன்னால் போதாதா?" என்றவர், எழுதிய தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெயரும் ஊரும் எழுதிய காகிதத்தை நம் மேசையில் விட்டுப் போகக்கூட அவருக்கு மனமில்லை. எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அதோடு தீர்ந்துபோனது.

அவர் போன சிறிது நேரத்தில் விசிட்டிங் கார்டுக்காரரிடமிருந்து தொலைபேசி. "நம் ஆள்தான் ஐயா, என்ன பெரிய ராணுவ ரகசியமா?" என்றார். "நீங்கள் சொன்னதை அப்படியே குறிப்பாக எழுதிக் கோப்பில் வைக்கிறேன், அதில் ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிடுங்கள் ஐயா" என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை.

அன்றைக்கே துறைப் பேராசிரியை மூலமாக அந்த மாணவிக்குச் சொல்லி அனுப்பி, பேராசிரியையின் அறையில் வைத்துப் பேசினோம். கவுன்டரில் வைத்து இந்தப் பேச்சைப் பேசக் கூடாது, பின்னால் வரிசையில் நிற்கும் பத்துப் பேருக்கும் காது இருக்கிறது. பெரியப்பா வந்திருந்தார் என்று சொன்னதும் அந்தப் பிள்ளை கேட்ட முதல் கேள்வி, "அட்ரஸைக் கொடுத்துவிட்டீர்களா சார்?" இல்லை என்ற பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். என் விவரங்களையோ சான்றிதழ்களையோ என்னைத் தவிர வேறு யாரிடமும் தரக் கூடாது என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தாள். முதல்வர் அதில் ஒப்பமிட்டார். அதை அவளுடைய கட்டில் முதல் தாளாக டேக் போட்டுக் கட்டினேன். சேர்க்கைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே "டி.சி. மாணவியிடம் நேரில் மட்டும்" என்று சிவப்பு மையில் எழுதி வைத்தேன். படிப்பை முடித்து அவளே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனாள். குடும்பத்தில் என்ன தகராறு, யாரைக் கட்டிக்கொள்ள நினைத்தாள் என்பதையெல்லாம் நான் கேட்கவில்லை. அது என் வேலை அல்ல.

சில வாரங்களில் என்னைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். நிர்வாக வசதிக்காக என்று ஆணையில் இருந்தது. வேலைக்கு ஆபத்து வருமா என்று கேட்கிறீர்களே, எனக்கு வந்தது இவ்வளவுதான். தபால் பிரிவில் இருந்துகொண்டு ஒரு நாள்கூட நான் வருந்தியதில்லை.

பெரியப்பா என்றால் குடும்பம் இல்லையா, பெண் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு உரிமை இல்லையா என்று கேட்க சிலர் வருவீர்கள். நானும் பெண்களைப் பெற்றவன்தான். கவலை இருப்பவர் அந்தக் கவலையை எழுதிக் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார் என்பதுதான் என் வாதம். 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த நாட்டில் 18 வயது நிரம்பியவர் வயது வந்தவர். முதலாண்டில் 18 நிரம்பாத பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களுக்காகப் பேசப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ இருக்கிறார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறது. மதிப்பெண்ணையும் வருகைக் குறைவையும் பெற்றோருக்குத் தெரிவிப்பதை நான் எதிர்க்கவில்லை. வயலிலும் பீடி சுற்றியும் சம்பாதித்துப் படிக்க வைப்பவர்கள் அவர்கள். ஆனால் விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். கவுன்டரில் நிற்பவர் "இதோ அப்பா லைனில் இருக்கிறார்" என்று நீட்டுகிற போனில் எதையும் பேசாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உதவித்தொகைப் பட்டியல். பெயர், தகப்பனார் பெயர், சாதி, ஆண்டு வருமானம், வங்கிக் கணக்கு எண், இத்தனையும் கட்டம் போட்டு அச்சடித்து மாடிப்படி அருகே அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது எங்கள் கல்லூரியில் வழக்கமாக இருந்தது. பையன்கள் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். எடுத்தவர்களில் பலர் பெயர் அந்தப் பட்டியலில் கிடையாது. அவர்களுக்கு எதற்கு அந்தப் படம்? கண்காணிப்பாளர் ஆன பிறகு அந்தத் தாளைக் கிழித்து எடுத்துவிட்டு, பதிவு எண் மட்டும் உள்ள பட்டியலை ஒட்டச் சொன்னேன். கையெழுத்துக்கு ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்தோம். நேரம் பிடிக்கத்தான் செய்யும், பிடிக்கட்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரைச் சாதிப் பகையில் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது, உதவித்தொகை விவரத்தை மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் உண்டு. அது பள்ளிக்குத்தானே என்று கல்லூரிக்காரர்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. அந்தப் பிள்ளைகள்தான் அடுத்து நம்மிடம் வருகிறார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் நடப்பதில்லை என்றால், அலுவலகத்தில் ஆள் இல்லை. ஆசிரியரல்லாத பணியிடங்கள் ஓய்வு பெறப் பெறக் காலியாகவே கிடந்தன. எங்கள் இடத்தில் ஒப்பந்தத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைத்து, ஐந்து பேர் வேலையை அவளிடம் கொடுத்து, ஐந்து பேருடைய கடவுச்சொல்லையும் அவளிடமே கொடுத்துவிட்டார்கள். நாளைக்கு ஏதாவது வெளியே போனால் முதலில் கை நீட்டப்படுவதும் அவள் பக்கம்தான். கல்லூரி விழாவில் பேராசிரியர்களுக்குப் பொன்னாடை, நாங்கள் பின்வரிசையில். தேசியத் தர மதிப்பீட்டுக் குழு வரும்போது இரவு முழுவதும் கண் விழித்துக் கோப்புகளை அடுக்குவது நாங்கள். குழுவோடு நின்று படம் எடுத்துக்கொள்ள எங்களில் ஒருவரைக் கூப்பிட்டதில்லை. ஆபீஸ்காரன் என்றால் லஞ்சத்துக்கும் சோம்பலுக்கும் பிறந்தவன் என்று கதை எழுதுகிறார்கள். பிள்ளைகளின் காகிதங்களை உயிரைப் போலக் காத்த பலர் என்னோடு வேலை பார்த்திருக்கிறார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காவல் துறையினர் கேட்டால் மரியாதையாக உட்கார வையுங்கள், எழுத்துப்பூர்வமான கோரிக்கையை வாங்கி முதல்வரிடமோ பதிவாளரிடமோ அனுப்புங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு இதற்கு இருக்கிறது. வேலை கொடுக்கும் நிறுவனம் சான்றிதழைச் சரிபார்க்க அனுப்பினால், மாணவரின் ஒப்புதல் கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் அனுப்பிய நகல் சரியா தவறா என்று மட்டும் பதில் போதும், கேட்காத விவரம் ஒன்றும் வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் தன் விடைத்தாளைக் கேட்கும் மாணவருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. அடுத்தவர் விடைத்தாள் வேறு விஷயம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. பீரோ நிறைய அசல்களை வைத்திருப்பது மாணவருக்கும் கேடு, உங்களுக்கும் தலைவலி.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தள அறையில் தண்ணீர் புகுந்தது. நனைந்த கட்டுகளை வராந்தாவில் பரப்பி உலர்த்தலாம் என்றார்கள். நிவாரணப் பொருளுக்கு வந்த ஊர்ச் சனமெல்லாம் அந்த வழியாகத்தான் நடந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாடியில் ஒரு வகுப்பறையைப் பூட்டி வைத்து, உள்ளே கயிறு கட்டி, மின்விசிறியின் கீழ் தாள் தாளாகத் தொங்கவிட்டோம். உலர்ந்த பிறகும் சில தாள்களில் புகைப்படம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. உதவாத நகல்களை எடைக்குப் போடாமல் அலுவலக வளாகத்திலேயே எரித்தோம். பழைய விண்ணப்பத்தாளில் மடித்த வேர்க்கடலையைப் பேருந்து நிலையத்தில் வாங்கியிருக்கிறேன், மூலையில் ஒரு பெண்ணின் புகைப்படம் அப்படியே இருந்தது.

நாளைக்கு வேலைக்குப் போனதும் உங்கள் பிரிவின் வாட்ஸ்அப் குழுவைப் பாருங்கள். மாணவர் பட்டியல் எக்செல் கோப்பாக அதில் கிடக்கும், அதை முதலில் நீக்கச் சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன, அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும் என்று மேலதிகாரியிடம் எடுத்துச் சொல்லுங்கள். சிபாரிசோடு வந்தவர் மீண்டும் வந்தால் வெள்ளைத்தாளை நீட்டுங்கள். வந்தவர் பெயர், தேதி, நேரம், யார் சிபாரிசு என்பதை ஒரு நோட்டில் எழுதி உயரதிகாரியின் ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாணவியிடம் இன்றைக்கே, தனியாக, ஒரு பெண் ஊழியரை உடன் வைத்துக்கொண்டு பேசிவிடுங்கள்.