ஜாகுவார் தலையை எப்படிப் படிப்பது?

கேள்வி: மத்திய அமெரிக்காவின் பழங்குடிகளான மாயர்களின் கல்வெட்டுகளில் ஜாகுவார் தலை, கை, மனித முகம் என்று எல்லாமே ஓவியமாக இருக்கிறது. இதை எழுத்து என்று எப்படிச் சொல்கிறார்கள்? படத்தைப் பார்த்துப் பொருளை ஊகிப்பதுதானே ஐயா?

பதில்: இல்லை. எகிப்திய எழுத்தை 1822இல் ஷாம்போலியன் படிக்கும்வரை பூட்டி வைத்திருந்ததும் இந்த நினைப்புதான்.

மாயன் மொழியில் ஜாகுவாருக்குப் 'பலம்' என்று பெயர். (நம் பலத்துக்கும் இதற்கும் உறவில்லை.) எழுத்தர் ஒரு ஜாகுவார் தலையை மட்டும் வரைந்துவிட்டுப் போகலாம். அந்தத் தலையோடு 'ப' என்ற அசைக்குறியை ஒட்டி, இது 'ப'வில் தொடங்கும் சொல் என்று வாசகருக்கு உதவலாம். தலையே இல்லாமல் ப, ல, ம என்று மூன்று அசைக்குறிகளால் எழுதவும் செய்யலாம். மூன்றும் ஒரே சொல்தான்.

சரி, ப-ல-ம என்று எழுதியதை ஏன் 'பலம' என்று படிப்பதில்லை? மெய்யைக் காட்ட அவர்களிடம் புள்ளி கிடையாது. சொல் மெய்யில் முடிந்தால், கடைசிக் குறியின் உயிர் எழுத்தில் இருக்கும், வாயில் வராது. புள்ளி வைக்காத ஓலைச்சுவடிகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். கல்வெட்டுகளை மையொற்றி எடுத்த மைப்படிகளோடு காலம் கழித்த எனக்கு மாயன் எழுத்து அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவே முதல் காரணம்.

இன்னொரு சாட்சி, குறிகளின் எண்ணிக்கை. மாயன் குறிகள் சுமார் 800. ஒலியை மட்டும் எழுத இத்தனை தேவையில்லை. சொல்லுக்கு ஒரு படம் என்றால் இது போதவே போதாது. இரண்டும் கலந்த எழுத்து என்பதை எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கேள்வி: மாயர்களின் நூல்களை ஸ்பானியர்கள் எரித்துவிட்டார்கள் என்று படித்தேன். பிறகு எதை வைத்துத்தான் எழுத்தைக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: எரித்தவரே விட்டுப்போன ஒரு குறிப்பை வைத்து. டியகோ தெ லாண்டா என்ற துறவி 1562இல், இன்றைய மெக்சிகோவில் உள்ள யுகாத்தானின் மானி என்ற ஊரில் மாயன் நூல்களைத் தீயிலிட்டார். அவரேதான் பிறகு யுகாத்தானைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அதன் பிரதி ஒன்று 1862இல் மத்ரித்தில் கிடைத்தது. அதில் மாயன் 'எழுத்துவரிசை' என்று ஒரு பக்கம் இருக்கிறது.

லாண்டா செய்தது இதுதான்: மாயன் எழுத்தரிடம் 'ஆ, பே, சே' என்று ஸ்பானிய எழுத்துகளின் பெயரைச் சொல்லி எழுதிக் காட்டச் சொன்னார். எழுத்தர் காதில் விழுந்த அசையை எழுதினார். 'பே'வுக்கு, பாதையில் பதிந்த காலடி. அவர்கள் மொழியில் 'பே' என்றால் பாதை. ஏதாவது ஒரு வாக்கியம் எழுது என்றதற்கு அவர் எழுதியது: 'மா இன் கதி', அதாவது எனக்கு விருப்பமில்லை. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் கனத்துப்போகும்.

அந்தப் பக்கம் அசைகளின் பட்டியல் என்பதைப் புரிந்துகொண்டு பயன்படுத்தியவர் சோவியத் அறிஞர் யூரி நோரோசோவ். அவரது கட்டுரை 1952இல் வந்தது. எரியாமல் தப்பிய மாயன் சுவடிகளில் ஒரு வான்கோழிப் படத்துக்கு மேல் இரண்டு குறிகள் இருந்தன. முதல் குறி லாண்டாவின் 'கு'. யுகாத்தான் மொழியில் வான்கோழி 'குட்ஸ்'. அப்படியானால் இரண்டாவது 'ட்ஸு'வாக இருக்க வேண்டும். அப்புறம் ஒரு நாயின் படம். அதன் மேல் முதலில் அதே 'ட்ஸு', அடுத்து லாண்டா 'ல்' என்று குறித்த குறி. இரண்டையும் சேர்த்தால் 'ட்ஸுல்'. பழைய அகராதியில் அந்தச் சொல் இருந்தது, பொருள் நாய்! ஓர் இடத்தில் கிடைத்த மதிப்பு, தேடாத இன்னோர் இடத்தில் தானாகப் பொருந்துகிறது. கண்டுபிடிப்பு என்று நான் மதிப்பது இதைத்தான்.

அன்று அந்தத் துறையில் பெரும் செல்வாக்கோடு இருந்த எரிக் தாம்சன் இதைக் கடைசிவரை ஏற்கவில்லை. அதனால் மேற்குலகில் பல வருடங்கள் வீணாயின. இதற்கிடையே தத்தியானா புரோஸ்குரியாகாஃப் என்ற ஆய்வாளர் 1960இல் வேறொரு கதவைத் திறந்தார். பியெத்ராஸ் நெக்ராஸ் என்ற மாயன் நகரத்தின் தூண்களில் பொறித்திருந்த தேதிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கூட்டமும் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கியது. அவை பிறந்து, அரியணை ஏறிய அரசர்களின் வரலாறுகள். ஒரு குறியின் ஒலிகூடத் தெரியாமலேயே இதைக் காட்டினார் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

கேள்வி: படித்தது சரிதான் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

பதில்: குவாத்தமாலாவின் ரியோ அசுல் கல்லறையில் 1984இல் மூடி போட்ட ஒரு ஜாடி கிடைத்தது. திருகித் திறக்கும் மூடி. அதன் மேலிருந்த எழுத்தில் ஒரு சொல்லை மாயன் எழுத்து ஆய்வாளர் டேவிட் ஸ்டூவர்ட் 'ககாவ்' என்று படித்தார். மீன் வடிவக் குறி 'க', கடைசியில் 'வ'. ககாவ் என்றால் கொக்கோ. ஜாடிக்குள் ஒட்டியிருந்த படிவைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கொக்கோவில் இருக்கும் தியோபுரோமினும் காஃபீனும் அதில் இருந்தன. இதைவிட நல்ல சாட்சியை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேள்வி: அப்படியென்றால் சிந்துவெளி எழுத்தை மட்டும் ஏன் படிக்க முடியவில்லை? கணினியிடம் கொடுத்தால் ஆகாதா?

பதில்: கணினி நிறையச் செய்திருக்கிறது. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொடரடைவில் (எந்தக் குறி எங்கெங்கே வருகிறது என்ற பட்டியலில்) 417 குறிகளை வகைப்படுத்தியதே கணினித் துணையோடுதான். எந்தக் குறி எதை அடுத்து வருகிறது, எது கடைசியில் நிற்கிறது என்பதெல்லாம் எண்ணப்பட்டுவிட்டன. ஆனால் ஒரு பொறிப்பின் சராசரி நீளம் ஐந்து குறிகள். லாண்டாவின் பக்கம் போல ஒன்று இல்லை, இருமொழிக் கல்வெட்டு இல்லை, மொழி எது என்பதிலும் முடிவான சான்று இல்லை. ஐந்து குறிகளுக்கு யார் எந்த ஒலியைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு மொழியில் ஏதோ ஒரு சொல் கிடைத்துவிடும்.

சிந்து முத்திரையைப் படித்துவிட்டதாக எனக்கு எழுதும் நண்பர்களிடம் அதனால்தான் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஒலி மதிப்புகளை மாற்றாமல், நீங்கள் இதுவரை பார்க்காத இன்னொரு முத்திரையைப் படித்து அனுப்புங்கள். நிச்சயம் பொறுமையாகப் படித்துப் பார்க்கிறேன்.