தோரணத்தில் புத்தர் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தோரண வாயில், இந்தியாவின் சாஞ்சியிலுள்ள பௌத்தத் தூபியின் வாயில்களைப் பின்பற்றிக் கட்டியது என்கிறார்கள். சாஞ்சிப் படங்களைப் பார்த்தால் மரம், யானை, தாமரை என்று நிறைந்திருக்கிறது, புத்தரைக் காணோம். எல்லாம் அலங்காரம்தானா? எங்கள் குடியிருப்பு நுழைவாயிலிலும் சிமெண்டில் அரச மரமும் தாமரையும் வைக்கப் போகிறோம். ஏதாவது யோசனை?

செந்தூல் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புத்தர் இருக்கிறார், மரமாக. அந்தத் தோரணங்கள் எழுந்த கி.மு. முதல் நூற்றாண்டில் அவரை மனித உருவில் செதுக்கும் வழக்கம் அங்கே இல்லை. மரத்தடியில் காலி ஆசனம் தெரிந்தால் அது புத்தர். எந்தப் புத்தர் என்பதை இலை சொல்லும். வாயிலின் குறுக்கு உத்தரங்களில், கௌதமரும் அவருக்கு முன் வந்ததாகச் சொல்லப்படும் ஆறு பேருமாக ஏழு புத்தர்கள் தூபியும் மரமுமாக வரிசை கட்டி நிற்பார்கள். அரச மரம் என்றால் கௌதமர், ஆல் என்றால் காசியபர், அத்தி கனகமுனி, பாதிரி விபசி. நம்முடைய தலவிருட்சக் கணக்குத்தான். திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் கொடுத்ததும் இதே பாதிரிதான்.

யானைகள் நீர் வார்க்கத் தாமரைமேல் இருக்கும் பெண்ணைப் புத்தரின் பிறப்பு என்று படித்தவர்கள் உண்டு. நம் நிலைவாசல் கஜலட்சுமி அவள் என்பதே என் கட்சி.

ஆகவே உங்கள் அரச இலை அரச இலையாகவே இருக்க வேண்டும். நுனியில் நீளும் வாலை விட்டுவிட்டால் அது வெற்றிலை. சாஞ்சித் தெற்கு வாயிலில், பக்கத்து ஊரான விதிசையின் தந்தச் சிற்பிகளின் வேலை என்று கல்வெட்டு உண்டு; அந்த நுணுக்கம் தந்தத்தில் பழகிய கைக்கும் மணற்கல்லுக்கும் வரும், சிமெண்டுக்கு வராது. வாலை அந்தரத்தில் நீட்டினால் ஒடியும். பின்சுவரோடு ஒட்டியே இழுக்கச் சொல்லுங்கள். மெல்லிய இலைக்குள் சாதாரணக் கம்பி வேண்டாம்: கோலாலம்பூர் மழையில் துருப்பிடித்து உப்பி, சில வருடத்தில் சிமெண்டைப் பிளந்துவிடும். ஸ்டெயின்லெஸ் கம்பி போடுங்கள். இலையின் மேல்விளிம்பைச் சரிவாக வெட்டினால் நீர் தேங்காது, பாசியும் குறையும். பாசி வந்தால் மெல்லிய பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். ஜெட் பீய்ச்சினால் நரம்புகள் மழுங்கிவிடும்.

தாமரைதான் பெரிய தொல்லை. விரிந்த இதழ்க்கிண்ணம் என்றால் மழைநீர் தேங்கி, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். நடுவில் 20 மி.மீ. துளை விட்டு, குழாயைத் தண்டின் வழியே கீழே இறக்குங்கள். அது வார்ப்புக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. பிறகு துளைத்தால் இதழ் விரிசல் விடும்.

மாதிரிக்கு இணையப் படம் வேண்டாம். அரச மரத்தடியில் உதிர்ந்த நாலு இலையைப் பொறுக்கிக் கொத்தனார் கையில் கொடுங்கள்.