ரோமத் தங்கக் காசில் அரசிகளும் தேவியரும்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஒரு பக்கம் அரசி, மறுபக்கம் ஒரு பெண் தெய்வம். சும்மா அலங்காரமா?

பதில்: இல்லவே இல்லை. அரண்மனை அந்த அரசியிடம் எதை எதிர்பார்த்தது என்று பின்பக்கத்தில் இருக்கும் தேவியே சொல்லிவிடுவாள். பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் மனைவி இளைய ஃபாஸ்டினா பத்துக்கு மேல் பிள்ளை பெற்றவர். அவர் காசுகளில் பிரசவம் காக்கும் ஜூனோ லூசினா வருகிறாள்: கையில் கைக்குழந்தை, இருபுறமும் சிறுமிகள். வாரிசு வந்தாயிற்று, கவலை வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லும் ஏற்பாடு.

கேள்வி: கொண்டையைப் பார்த்தே காலம் சொல்வார்களாமே?

பதில்: ஓரளவு சொல்லலாம். பேரரசர் காசில் பதவி ஆண்டுக் கணக்கு இருக்கும். அரசியர் காசில் பெரும்பாலும் இருக்காது. அதனால் முடிதான் துணை. இளைய ஃபாஸ்டினாவின் தாய் மூத்த ஃபாஸ்டினாவுக்கு உச்சியில் சுற்றிய பின்னல். பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் மனைவி ஜூலியா டோம்னாவுக்கு வரிவரியாக அலையோடும் கனத்த முடி.

கேள்வி: மூத்த ஃபாஸ்டினா காசு ஏன் இவ்வளவு அதிகம்?

பதில்: கணவர், பேரரசர் அன்டோனினஸ் பயஸ், கி.பி. 161 வரை ஆண்டார். மனைவி இறந்ததோ 140 வாக்கில். தெய்வமாக்கி, கோயில் கட்டி, அவர் பெயரில் காசு அடித்துக்கொண்டே இருந்தார்.

கேள்வி: அதிகாரத்தோடு காட்டப்பட்ட அரசி உண்டா?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி! கி.பி. 54இல் நீரோ பட்டத்துக்கு வந்ததும் அடித்த தங்கக் காசைப் பாருங்கள். தாய் அக்ரிப்பினாவும் மகனும் நேருக்கு நேர். முகங்களைச் சுற்றி ஓடுவது தாயின் பெயர். பேரரசரின் பெயர் பின்பக்கத்தில்! மறு ஆண்டே மகன் முகம் முன்னால், தாய் முகம் அதன் பின்னால் பாதி மறைந்து. அவர் பெயரும் பின்பக்கம் போய்விட்டது. 59இல் மகனே தாயைக் கொல்ல வைத்தான்.

கேள்வி: நம்மூரில் ரோமத் தங்கம் கிடைத்திருக்கிறதா?

பதில்: 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 தங்கக் காசுகள். பெரும்பாலானவற்றின் முகத்தில் உளி வெட்டு. இனி இது காசு இல்லை, வெறும் பொன் என்பதற்கான அடையாளம் என்பார்கள்.

கேள்வி: ஐயா, ஜூலியா டோம்னா தங்கக் காசு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 4 கிராம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் காலத்து ரோமத் தங்கக் காசான ஔரியஸ் 7 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நாலரை கிராம் தங்கக் காசான சாலிடஸ் அவருக்கு வெகு பின்னால், பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் வந்தது. விளிம்பில் வார்ப்புக் கோடு, அதாவது உருக்கி ஊற்றிச் செய்த போலியில் விழும் கோடு, தெரிகிறதா என்றும் பாருங்கள்; அசல் அச்சில் அடித்தது. மண்ணில் எடுத்தது என்று விற்பவர் சொன்னால் இன்னும் மோசம், புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.