மதுரைக்கு எத்தனை டிகிரி கடல்?

உலகம் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும் கடல், வானிலைத் தரவுகளில் விட்டுப்போன மதிப்புகளை நிரப்புவது பற்றி மதுரை வட்டார நண்பர்கள் கேட்டவை. கோட் அனுப்பிப் பிழை பார்க்கச் சொல்லாதீர்கள்.

கே (திருமங்கலம்): சார், செயற்கைக்கோள் கடல் வெப்பநிலை, 0.25 டிகிரி கோப்பு (ஒரு கட்டத்தின் அகலம் கால் டிகிரி). இடைவெளிகளை நிரப்பினால் கானாவுக்குத் தெற்கே கடலில் செங்குத்தாக ஒரு வெட்டு தெரிகிறது. ஏன்?

ப: உங்கள் கோப்பின் விளிம்பு அங்கேதான் இருக்கிறது தம்பி. 1440 நிரல்களில் (மேலிருந்து கீழாக ஓடும் கட்ட வரிசைகள்) முதலாவது தீர்க்கரேகை 0.125, கடைசி 359.875. பூமியில் இரண்டும் கால் டிகிரி தள்ளி அடுத்தடுத்து இருப்பவை. நிரப்பும் கருவிக்கு அது தெரியாது. ஆளுக்கொரு பக்கத்தை மட்டும் பார்த்து நிரப்பிவிடுகிறது.

கடைசி நாற்பது நிரல்களை நகலெடுத்து இடப்பக்கம் ஒட்டுங்கள், முதல் நாற்பதை வலப்பக்கம். நிரப்பிய பிறகு ஒட்டியதை வெட்டிவிடுங்கள். ஒட்டும் அகலம் உங்கள் மிகப்பெரிய இடைவெளியைவிடக் கூடுதலாக இருக்கட்டும். தீர்க்கரேகை எண்களையும் மாற்ற வேண்டும்: இடப்பக்கம் 360 கழித்து, வலப்பக்கம் 360 கூட்டி. பைத்தான் மொழியின் எண் கணக்கு நூலகமான நம்பையில், ஓரம் ஒட்டும் 'பேட்' (pad) கட்டளை, சுற்றி ஒட்டும் 'wrap' முறையில் எண்ணை அப்படியே நகலெடுக்கும். 0.125க்கு முன்னால் 359.875 வந்து உட்கார்ந்தால் வரிசை குலைந்துவிடும்.

இன்னொரு வழி, வெற்றுக் கட்டத்துக்கு நாலு பக்கத்து அண்டைகளின் சராசரியைக் கொடுத்து, மாற்றம் அடங்கும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவது. முதல் நிரலின் இடது அண்டை கடைசி நிரல் என்று சொல்லிவிட்டால் போதும். வானிலைத் தரவுக்கான கணினி மொழியான என்சிஎல்லின் (NCL) பாய்சான் நிரப்பியில் இதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு.

நிரப்பும் முன், எவை வெற்று என்ற பட்டியலைத் தனியாகச் சேமியுங்கள்.

கே (மேலூர்): -180 முதல் 180 என்று மாற்றிவிட்டால் பிரச்சினை தீருமா?

ப: தீராது. வெட்டு பசிபிக்குக்கு, ஃபிஜி பக்கம் போகும். எல் நினோ பார்ப்பவருக்கு அது இன்னும் மோசம். நினோ 4 பகுதி 160 கிழக்கிலிருந்து 150 மேற்கு வரை, வெட்டு அதன் நடுவே விழும்.

கே (வாடிப்பட்டி): என் கோப்பில் 0, 360 இரண்டும் இருக்கின்றன.

ப: ஒரே நிரல் இரண்டு முறை. ஒன்றை நீக்கிவிட்டு மேலே சொன்னதைச் செய்யுங்கள்.

கே (ஆண்டிபட்டி): இந்திய வானிலைத் துறையின் மழைக் கோப்புக்கும் இப்படிச் சுற்றி ஒட்டலாமா?

ப: கூடவே கூடாது! அது 66.5 முதல் 100 கிழக்கு வரைதான், உலகைச் சுற்றவில்லை. ஒட்டினால் அரபிக்கடலும் மியான்மரும் பக்கத்து வீடாகிவிடும். நிரல்களை நகர்த்தும் நம்பையின் 'ரோல்' (roll) கட்டளை கேட்காமலே அப்படி ஒட்டும், கவனம். -999 என்றால் தரவு இல்லை, 0 என்றால் மழை இல்லை. கலந்துவிடாதீர்கள். வெற்றுப் பட்டியல், மறக்க வேண்டாம்.

கே (உசிலம்பட்டி): அண்ணே, கடல் வெப்பநிலைக் கோப்பில் நிலத்தையும் நிரப்புகிறார்களே, அது மோசடி இல்லையா? மதுரைக்கு ஏது கடல்?

கே (மண்டபம்): நிரப்பாவிட்டால் எங்கள் கரையே காணாமல் போகிறது. 2 டிகிரிக் கட்டத்தின் ஒரு பக்கம் சுமார் 220 கி.மீ. நுண்கட்டத்துக்கு மாற்றும்போது பக்கத்து வெற்றுக் கட்டம் கரையோரக் கடலையும் வெற்றாக்குகிறது.

கே (உசிலம்பட்டி): அதற்காக ஆரப்பாளையத்தில் மீன் பிடிக்கச் சொல்வீர்களா?

ப: மண்டபத்துக்காரர் சொல்வது சரி, ஆனால் தற்காலிகமாகத்தான். கரையிலிருந்து உள்ளே இரண்டு மூன்று கட்டம் நிரப்பி, நுண்கட்டத்துக்கு மாற்றி, நுண்கட்டத்தின் நில மறைப்பை (நிலக் கட்டங்களை வெற்றாக்கும் அடையாளம்) மேலே போடுங்கள். மதுரை மறுபடி வெற்றாகிவிடும். ஆசியா முழுக்க நிரப்ப வேண்டியதில்லை. அவ்வளவு அகல நிலத்தில் சராசரி முறை அடங்கவே வெகுநேரம் ஆகும், கிடைப்பதும் கடல் அல்ல. மறைப்புப் போடாமல் கோப்பை அடுத்தவருக்குக் கொடுத்தால் அப்போது உசிலம்பட்டியார் சொல்வதுதான் சரி.

கே (உசிலம்பட்டி): கொடுக்கிறார்களே!

ப: கொடுக்கிறார்கள். அதனால்தான் வெற்றுப் பட்டியல் என்று கத்துகிறேன்.

கே (சோழவந்தான்): -180 முதல் 180 என்று மாற்றினால்...

ப: மேலூர்க்காரர் பதிலைப் படியுங்கள்.

கே (திருப்பரங்குன்றம்): 359, 1 டிகிரிகளின் சராசரி 180 என்று வருகிறது.

ப: சைன், கொசைனாகப் பிரித்துச் சராசரி எடுத்து, பிறகு கோணமாக்குங்கள். காற்றின் திசைக்கும் அதே வைத்தியம்.

கே (பேரையூர்): நிரப்பியது சரியாக வந்தும் 0 டிகிரியில் வெள்ளைக் கோடு.

ப: அது தரவில் இல்லை, படம் வரைவதில் வருவது. வரையும்போது மட்டும் முதல் நிரலைக் கடைசியில் ஒருமுறை சேருங்கள். வரைபடம் வரையும் பைத்தான் நூலகமான கார்ட்டோபையில் அதற்கு வசதி இருக்கிறது. கோப்பில் சேர்த்துச் சேமித்தால் வாடிப்பட்டிக்காரர் கேள்வியோடு திரும்ப வருவீர்கள்.